மழையிலும் பனியிலும் மக்கர் செய்யும் பழைய குட்டி டிராக்டர்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்குவது

குளிர்கால டிராக்டர் பராமரிப்பு என்று தேடினால் கிடைப்பதெல்லாம் பனி கொட்டும் நாடுகளின் ஆலோசனை. டீசல் உறையும், ரேடியேட்டர் தண்ணீர் கட்டியாகி என்ஜின் பிளாக் வெடிக்கும் என்பார்கள். மதுரையில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஐப்பசியிலிருந்து தை வரை இங்கே வண்டியைப் படுக்கவைப்பது தண்ணீர்தான். மேலிருந்து மழை, கீழிருந்து தொளிச் சேறு (நடவுக்குத் தண்ணீர் நிறுத்தி உழும் வயலின் சேறு), இரவெல்லாம் இறங்கும் பனி ஈரம். போதாததற்கு ஆயுத பூஜைக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் பிரஷர் பம்ப் வைத்து நாமே அடிக்கிற தண்ணீர். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் தண்ணீர் எங்கே புகுந்தது என்று தேடுங்கள். டீசல் பம்ப்பிலும், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலிலும் கை வைப்பது கடைசி வேலை.

(கொடைக்கானல் மேல்மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே உறைபனி உண்டு. உறையாமல் காக்கும் கிளைகால் கலந்த கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றுங்கள்.)

இங்கே சொல்வது 15 முதல் 25 குதிரைத்திறன் வரையுள்ள பழைய டீசல் வண்டிகளுக்கு. மிட்சுபிஷி சக்தி 180டி மாதிரி ஹீட்டர் பிளக் (கிளப்பும்முன் உள்ளே சூடேற்றும் பிளக்) வைத்த மூன்று சிலிண்டர் என்ஜின், யுவராஜ் 215 மாதிரி ஒற்றைச் சிலிண்டர் என்ஜின், கூடவே பவர் டில்லர். சோழவந்தான் தென்னந்தோப்பிலும் உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகைத் தோட்டத்திலும் ஓடுகிறவை பெரும்பாலும் இவைதான்.

கையில் இருக்க வேண்டியவை: 8 முதல் 24 வரை ஸ்பேனர், மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், பேட்டரி ஆசிட் பார்க்கும் ஹைட்ரோமீட்டர், ஒரு கண்ணாடி பாட்டில், அரை மீட்டர் ஒளி ஊடுருவும் டீசல் ஹோஸ், வண்டிக்கு ஏற்ற செம்பு வாஷர்கள், ஒரு டீசல் ஃபில்டர். வேலை தொடங்கும் முன் கியர் நியூட்ரல், பி.டி.ஓ. (கருவிகளைச் சுழற்றும் பின்பக்க அச்சு) ஆஃப், பின்சக்கரத்துக்கு இருபக்கமும் கல். செல்ஃப் மோட்டாரைத் தொடுவதாக இருந்தால் பேட்டரியின் மைனஸ் கேபிளை முதலில் கழற்றுங்கள்.

மழைக்கு மறுநாள் காலை: செல்ஃப் போட்டால் "டங்" என்று ஒரே அடியில் நிற்கிறது

இருக்கிற கோளாறுகளில் அதிகச் செலவு வைப்பது இதுதான். உடனே நிறுத்திவிட்டால் செலவில்லாமலே முடிந்தும் போகும். மேல்நோக்கிய சைலன்சருக்கு மூடி இல்லை, அல்லது மூடியின் பின் தேய்ந்து வாய் திறந்தே நிற்கிறது. இரவு பெய்த மழை சைலன்சர் வழியாக இறங்கி, எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்ற சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டி நின்றுவிடுகிறது. பேட்டரி வீக் என்று நினைத்து இரண்டாம் முறை, மூன்றாம் முறை செல்ஃப் போட்டாலோ, இன்னொரு டிராக்டரால் இழுத்தாலோ கனெக்டிங் ராடு வளையும்.

பேட்டரிக் கோளாறா, தண்ணீரா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. ஸ்டாப் நாபை (டீசலை நிறுத்தி என்ஜினை அணைக்கும் குமிழ்) இழுத்துவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு ஓடும் திசையில் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சிலிண்டருக்குள் காற்றின் சாதாரண அழுத்தம் (கம்ப்ரஷன்) என்றால் ஸ்பேனர் எதிர்த்துத் தள்ளும், சில வினாடி அழுத்திப் பிடித்தால் காற்று கசிந்து மெல்ல வழிவிடும். தண்ணீர் என்றால் கல்லில் மோதியதுபோல் நிற்கும், எவ்வளவு நேரம் பிடித்தாலும் நகராது.

தண்ணீர் என்று தெரிந்துவிட்டால் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றுங்கள். ஹீட்டர் பிளக் இல்லாத என்ஜினில் நாசிலைக் கழற்ற வேண்டும். பவர் டில்லரில் அந்த அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லிவர் இருந்தாலும் அதை நம்பிச் சுற்றாதீர்கள், நாசிலையே கழற்றுங்கள். பிறகு ஸ்பேனரால் முழுதாக இரண்டு சுற்று. தண்ணீர் வெளியே வந்ததும் முகத்தை விலக்கிக்கொண்டு இரண்டு மூன்று வினாடி மட்டும் செல்ஃப் போடுங்கள், மிச்சம் பீறிட்டு வெளியேறும். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, மறுபடி கையால் சுற்றி, துளையில் எண்ணெய் தேங்கவில்லை என்று பார்த்தபின் பூட்டுங்கள். நாசிலுக்கு அடியிலுள்ள செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். சைலன்சரைக் கழற்றிக் கவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதில் நிற்கும் தண்ணீர் திரும்பவும் உள்ளே வரும்.

கிளப்புவதற்கு முன் என்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தாலோ நிறம் வெளுத்திருந்தாலோ ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது. கிளம்பியபின் ஒரு சிலிண்டர் மட்டும் தட்டினாலோ, வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். மற்றவற்றைவிட ஒரு சிலிண்டர் தெளிவாகக் குறைந்தால் அந்த ராடு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். வளைந்த ராடோடு ஓட்டினால் அது முறிந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

நிறுத்தும்போது சைலன்சர் மேல் ஒரு பெயின்ட் டின்னைக் கவிழ்த்தாலே போதும். கொட்டாங்கச்சி காற்றில் பறந்துவிடும்.

"டக், டக்" மட்டும் கேட்கிறது, என்ஜின் சுற்றவில்லை

புல்லி கையால் ஒழுங்காகச் சுற்றுகிறது என்றால் கோளாறு மின்சாரத்தில். பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். இரவு முழுதும் சும்மா நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.0 என்றால் ஏறக்குறையக் காலி. செல்ஃப் அழுத்தும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள். ஆறு செல்லில் ஒன்றில் மட்டும் ஹைட்ரோமீட்டர் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைவாகக் காட்டினால் அந்தச் செல் போய்விட்டது. அந்த பேட்டரிக்கு இனி எத்தனை முறை சார்ஜ் போட்டாலும் காசுதான் வீண்.

பேட்டரி நன்றாக இருந்தும் சுற்றவில்லையா? மழைக்காலத்தில் பெரும்பாலும் எர்த்தான் (பேட்டரி மைனஸை வண்டியின் உடம்போடு இணைக்கும் கேபிள்) காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம். பேட்டரியின் மைனஸ் முனையில் ஒரு முள், என்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பில் இன்னொரு முள் வைத்து, ஒருவரை செல்ஃப் அழுத்தச் சொல்லுங்கள். மீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் எங்கோ தடை. சேஸிஸில் பூட்டிய இடத்தைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போக எமரி காகிதத்தால் தேய்த்து, இறுக்கிப் பூட்டியபின் மேலே கிரீஸ் தடவுங்கள். கிரீஸை முதலில் தடவிவிட்டுப் பூட்டுவது தலைகீழ் வேலை. இதே சோதனையைப் பிளஸ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் இடையிலும் செய்யுங்கள். அங்கும் அதிகம் காட்டினால் கேபிளோ, செல்ஃபுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான சோலனாய்டின் உள் செம்புத் தகடோ கருகியிருக்கும். பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்து ஊற்றினால் கரைந்துவிடும். அந்த நீர் செல்லுக்குள் இறங்காமல் மூடிகளை இறுக்கிக்கொள்ளுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் துளிப் புகையும் இல்லை

புகை இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. முதலில் ஸ்டாப் நாப். நாப் உள்ளே போய்விட்டது என்பதை நம்பாதீர்கள், பம்ப் அருகே போய் லிவரைக் கண்ணால் பாருங்கள். ஈரத்தில் கேபிள் துருப்பிடித்து, நாப் உள்ளே போனாலும் லிவர் பாதியிலேயே நிற்கும். கேபிளைக் கழற்றி லிவரைக் கையால் தள்ளி, செல்ஃப் போட்டுப் பாருங்கள். பிடித்துவிட்டால் கேபிள் விலைதான் செலவு.

அடுத்தது தண்ணீர். டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் டேங்க்கின் அடியிலும் ஃபில்டர் கிண்ணத்தின் அடியிலும் போய் உட்காரும். கிண்ணத்து அடித்திருகைத் தளர்த்தி ஒரு டம்ளர் அளவு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் கோடு விழுந்து பிரிந்தால் தண்ணீர். முழுதும் கலங்கலாகவே இருந்தால் தண்ணீர் டீசலோடு கலந்துவிட்டது, டேங்க்கையே வடிக்க வேண்டும். கறுப்பாக, வழுவழுப்பாக ஆடை மாதிரி ஏதாவது வந்தால் அது தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்ப் பாசி. டேங்க்கைக் கழற்றிச் சுத்தமான டீசலால் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் அடுத்த வாரமே புது ஃபில்டரும் அடைக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? கேனில் வாங்கி வெளியே வைத்த டீசல் ஒரு வழி. மூடி ரப்பர் வெடித்த டேங்க் இன்னொரு வழி. மூன்றாவது யாரும் நினைக்காதது: பாதி காலியான டேங்க்கில் பகல் வெயிலில் விரியும் ஈரக்காற்று இரவுப் பனியில் குளிர்ந்து உட்சுவரில் துளியாக வியர்க்கிறது. ஐப்பசி முதல் தை வரை சாயங்காலம் வேலை முடிந்ததும் டேங்க்கை நிரப்பி வைக்கச் சொல்வது இதனால்தான்.

தண்ணீரை வடித்தபின், ஃபில்டர் மாற்றியபின், ஏர் எடுத்தே (டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றியே) ஆக வேண்டும். வரிசை மாறினால் மணிக்கணக்கில் மல்லுக்கட்ட நேரும்.

1. டேங்க் குழாயைத் திறந்து, புது ஃபில்டரின் வெளிவட்ட ஓட்டைகள் வழியாகச் சுத்தமான டீசல் நிரப்பிப் பூட்டுங்கள். நடு ஓட்டையில் ஊற்றக் கூடாது. அது வடிகட்டிய டீசல் போகும் பக்கம், அங்கே விழும் தூசி நேரே பம்ப்புக்குப் போகும்.

2. ஃபில்டர் தலையிலுள்ள ஏர் திருகை ஒன்றரைச் சுற்று தளர்த்தி, டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்பின் கைப்பம்ப்பை அடியுங்கள். டேங்க் உயரத்தில் இருந்து தானாக இறங்கும் வண்டியில் காத்திருந்தாலே போதும். குமிழி நின்று டீசல் சீராக வழியும்போதே திருகை இறுக்குங்கள், வழிவது நின்றபின் அல்ல.

3. மெயின் பம்ப்பிலுள்ள ஏர் திருகிலும் இதையே செய்யுங்கள்.

4. நாசில் பக்கத்து பைப் நட்டுகளை (பெரும்பாலும் 17 ஸ்பேனர்) அரைச் சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுதாக வைத்து, 10 வினாடி செல்ஃப் போடுங்கள். ஒவ்வொரு நட்டிலும் டீசல் துள்ளி வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நிமிடம் விடாவிட்டால் செல்ஃப் மோட்டார் கருகும்.

இந்த நான்காவது கட்டத்தில் கசிவு இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்க்காதீர்கள். உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியதுபோல் சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

ஏர் எடுத்தும் தினமும் காலையில் இதே கதை, மதியம் மட்டும் உடனே பிடிக்கிறது என்றால் ஏதோ ஒரு இணைப்பு இரவில் காற்றை உறிஞ்சுகிறது. டீசல் டேங்க்குக்குத் திரும்பிவிடுகிறது. வெளியே கசிவு தெரியாது. ஃபீட் பம்ப்புக்கும் ஃபில்டருக்கும் இடையில் ஒளி ஊடுருவும் ஹோஸை மாட்டி என்ஜினை ஓட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையிலான ஹோஸ், கிளிப், செம்பு வாஷர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கோடை வெயிலில் விரிசல் விட்ட ரப்பர்தான் மழையில் காட்டிக்கொடுக்கிறது. அவசரத்துக்குப் புது செம்பு வாஷர் கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போடுங்கள், மறுபடி மென்மையாகும். அலுமினிய வாஷருக்கு இது ஒத்துவராது.

வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்க மட்டும் மாட்டேன் என்கிறது

டீசல் போகிறது, எரியப் போதிய சூடு இல்லை. கண்ணெரியும் வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல். மூன்று சிலிண்டர் குட்டி டிராக்டர்களில் ஹீட்டர் பிளக்கை முதலில் சந்தேகப்படுங்கள். மதுரைச் சூட்டுக்கு ஹீட்டரே தேவையில்லை என்று சிலர் வயரைக் கழற்றிவிடுவார்கள். சித்திரையில் அது செல்லும். இந்த வகை என்ஜினில் டீசல் ஒரு சின்ன முன்னறையில் எரியத் தொடங்குகிறது. அந்த அறையின் இரும்புச்சுவர் சூட்டை உறிஞ்சிவிடுவதால் 20 டிகிரியில்கூடப் பழைய, கம்ப்ரஷன் தளர்ந்த என்ஜினுக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது.

சாவியை ஹீட்டர் நிலையில் வைத்து, பிளக்குகளை இணைக்கும் தகட்டில் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். எரியாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, சாவி. எரிந்தால் தகட்டைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, முள்ளை ஒவ்வொரு பிளக் தலையிலும் தொடுங்கள். லேம்ப் எரிந்தால் பிளக் உயிரோடு இருக்கிறது. எரியாதது போய்விட்டது. மூன்றில் ஒன்று போனால் மூன்றையும் மாற்றுவதே நல்லது. என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றுங்கள், குளிரில் நெம்பினால் உள்ளேயே முறியும், பிறகு ஹெட்டை இறக்க வேண்டும். வாங்கும்போது பழைய பிளக்கில் பொறித்திருக்கும் வோல்ட் எண்ணைப் பார்த்து அதையே கேளுங்கள். எல்லாம் 12 வோல்ட்தானே என்று பொதுவாக வாங்கினால் ஒன்று சூடேறாது, அல்லது ஒரே வாரத்தில் எரிந்துபோகும். பழைய வகைக்கு 15 முதல் 20 வினாடி சூடு கொடுங்கள்.

ஹீட்டர் இல்லாத ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் இதே புகை வந்தால் டாப்பெட் (வால்வு) இடைவெளி, நாசில், பிஸ்டன் ரிங் என்ற வரிசையில் பாருங்கள். அரை டீஸ்பூன் என்ஜின் ஆயிலை ஏர் கிளீனர் பக்கத்துக் குழாயில் விட்டுச் சுற்றியதும் பிடித்துக்கொண்டால் ரிங் தேய்ந்திருக்கிறது. அரை டீஸ்பூனுக்கு மேல் விடாதீர்கள்.

ஏர் கிளீனர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிட வேண்டும். அடியில் எண்ணெய் நிற்கும் ஆயில் பாத் வகைக்குள் மழைத் தண்ணீர் இறங்கினால் அது அடியில் தங்கி எண்ணெயை மேலே தூக்கும். என்ஜின் அந்த எண்ணெயை உறிஞ்சினால் ஸ்டாப் நாபை இழுத்தாலும் நிற்காமல் தானாக வேகமெடுக்கும். கிண்ணத்தை வாரம் ஒருமுறை இறக்கிப் பாருங்கள், எண்ணெய் குறித்த கோட்டுக்கு மேல் போகக் கூடாது.

பெட்ரோல் நனைத்த துணியைக் காற்றுக் குழாயில் காட்டிக் கிளப்புகிற பழக்கம் ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் வேண்டவே வேண்டாம். சிவந்த பிளக்கில் பட்டு நேரங்கெட்ட நேரத்தில் வெடித்தால் பிஸ்டன் உடையும், குழாய் வழியே தீ முகத்துக்கு வரும்.

பிடித்த ஐந்து பத்து நிமிடத்தில் திணறி நின்றுவிடுகிறது

நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி மறுபடி ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. சேறோ, குளவி கட்டிய மண்ணோ இருக்கும். மெல்லிய கம்பியால் குத்தினால் தீர்ந்தது. மழை இறங்குகிறதென்று அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்த மூடிகளும் உண்டு.

சத்தம் இல்லை என்றால் ஃபில்டர், டேங்க்கின் அடிச் சல்லடை, குழாய் என்று போங்கள். ஓடும்போது கறுப்புப் புகையோடு திணறினால் டீசல் பக்கம் போகாமல் ஏர் கிளீனரைப் பாருங்கள்.

எண்ணெய் பால் காபி நிறத்துக்கு மாறியிருக்கிறது

எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். சந்தேகம் இருந்தால் ஒரு இரும்புக் கரண்டியில் இரண்டு சொட்டு விட்டுச் சுட்டுப் பாருங்கள், சடசடவென்று பொரிந்தால் தண்ணீர்.

என்ஜினில், எண்ணெய் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் வெள்ளை நுரை, டிப்ஸ்டிக் சுத்தம், ரேடியேட்டர் மட்டமும் குறையவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கார்த்திகையில் மல்லிகைக் கவாத்து முடியும்வரை தோட்டத்தில் வண்டிக்குப் பெரிய வேலை இருக்காது. பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதால் உள்ளே வியர்த்த ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடுகிறது. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது சுமையோடு ஓட்டுங்கள். நிறுத்தி வைத்தபடி ஐடிலிங்கில் விடுவது போதாது, என்ஜின் அந்தச் சூட்டை எட்டாது.

டிப்ஸ்டிக்கே வெளுத்து மட்டமும் ஏறியிருந்தால் ஓட்டாதீர்கள். இரவு முழுதும் நிறுத்திவிட்டு, காலையில் கிளப்பாமலே அடித்திருகை மெல்லத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வரும், அதன் நிறத்தைப் பாருங்கள். கூலன்ட் நிறமோ துரு நிறமோ என்றால் ரேடியேட்டர் தண்ணீர், அதாவது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள தகடு) அல்லது சிலிண்டர் லைனரின் ஓ ரிங் (ரப்பர் வளையம்). தெளிந்த தண்ணீர், ரேடியேட்டரும் குறையவில்லை என்றால் சைலன்சரோ ஏர் கிளீனரோ வழியாக வந்த மழை. கேஸ்கெட்டை உறுதிசெய்ய, முதலில் ஆயிலை மாற்றிவிட்டு, குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்புங்கள். ஆக்சிலேட்டர் கூட்டக் கூட்ட குமிழி கொப்பளித்தால் கேஸ்கெட்தான். மட்டம் ஏறியும் நிறம் கறுப்பாகவே, நீர்த்துப்போய், டீசல் வாடை அடித்தால் அது தண்ணீரே இல்லை. ஃபீட் பம்ப் அல்லது மெயின் பம்ப் சீல் டீசலை உள்ளே விடுகிறது.

கியர்பாக்ஸில் வெளுத்தால் அது தொளி உழவின் கைவேலை. மேலூர்ப் பக்கம் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி அச்சு முங்க உழுதபின் இது சகஜம். ஆயில் சீல் தேய்ந்திருந்தால் எண்ணெய்தானே வெளியே வரவேண்டும், தண்ணீர் ஏன் உள்ளே போகிறது என்று கேட்கலாம். கியர்பாக்ஸுக்கு மேலே ஒரு மூச்சுத்துளை உண்டு. அது சேற்றில் அடைத்திருக்கும். சாலையில் ஓடிச் சூடான கியர்பாக்ஸ் குளிர்ந்த வயல் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. மூச்சுத்துளை வழிவிடாததால் அந்த இழுவை சீல் உதட்டின் வழியே தண்ணீரைக் கொண்டுவருகிறது. ஆகவே சீலை மாற்றிவிட்டு மூச்சுத்துளையைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அடுத்த போகத்துக்கு அதே செலவு.

சீல் கழற்றும்போது அச்சில் விரலை ஓட்டுங்கள். நகம் சிக்கும் அளவு பள்ளம் இருந்தால் புது சீலை அதே இடத்தில் உட்காரவைக்காமல் 2 மி.மீ. தள்ளி அடியுங்கள், அல்லது பள்ளத்தின்மேல் ஸ்லீவ் ஏற்றச் சொல்லுங்கள். வைக்கோலும் உரச்சாக்கு நைலான் நூலும் அச்சில் சுற்றிக்கொண்டு சீல் உதட்டை அறுத்திருக்கும், அதை முழுதும் வெட்டி எடுங்கள். கியர் லிவரின் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் மேலிருந்தும் மழை இறங்கும், அதற்கு ரப்பர் பூட் மாற்றினால் போதும். டயர் ட்யூப்பில் துண்டு வெட்டிக் கம்பி சுற்றியும் ஓட்டலாம், அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும்.

வெளுத்த எண்ணெயை வடித்தபின் அதே ரகத்துப் புது எண்ணெய் பாதி அளவு ஊற்றி, சுமையில்லாமல் பத்து நிமிடம் எல்லா கியரிலும் மெதுவாக ஓட்டி, சூட்டோடு வடித்துவிட்டு, குறித்த அளவு நிரப்புங்கள். இந்த நேரத்தில் ஹைட்ராலிக்கைத் தூக்கக் கூடாது. டீசல் ஊற்றி அலசுவது பட்டறை வழக்கம்தான். ஆனால் மூலையில் தங்கும் டீசல் புது எண்ணெயை நீர்க்கவைக்கும் என்பதால், கியர்பாக்ஸ் எண்ணெயே ஹைட்ராலிக்குக்கும் போகும் வண்டியில் அதைத் தவிர்ப்பது நல்லது. பவர் டில்லர்காரர்கள் ரொட்டவேட்டர் பக்கத்துச் செயின் கேஸை மறந்துவிடுவார்கள். அதுதான் எல்லாவற்றையும்விட ஆழமாகச் சேற்றில் முங்குவது.

கிளட்ச் மிதித்தாலும் கியர் கரகரவென்று விழமாட்டேன் என்கிறது

மழையில் இரண்டு மூன்று வாரம் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். முதலில் பெடலின் ஃப்ரீ பிளே (எதிர்ப்பில்லாமல் பெடல் சும்மா இறங்கும் தூரம்) சரியா என்று பாருங்கள், பெரும்பாலான குட்டி டிராக்டர்களில் 20 முதல் 30 மி.மீ. அது சரியாக இருந்தால் ஒட்டியதுதான். என்ஜினை நியூட்ரலில் அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றி நிறுத்துங்கள். பெடலை முழுதாக மிதித்து, கட்டையால் முட்டுக்கொடுத்து ஓர் இரவு விடுங்கள். பல வண்டிகளில் பிளேட் இதிலேயே விட்டுக்கொடுத்துவிடும். விடாவிட்டால், முன்னால் ஆளோ சுவரோ கிணறோ இல்லாத திறந்த வயலில், பெரிய கியரில் போட்டு, கிளட்சும் பிரேக்கும் சேர்த்து மிதித்தபடி செல்ஃப் போடுங்கள். பிளேட் பிரியும் கணத்தில் இழுவை விட்டுவிடும். நியூட்ரலில் இல்லாவிட்டால் செல்ஃப் வேலை செய்யாத வண்டியில் அந்தப் பாதுகாப்பு சுவிட்சை ஏமாற்றிவிட்டு இதைச் செய்யாதீர்கள், பிரித்தே பாருங்கள்.

இரண்டு முறைக்கு மேல் முயலாதீர்கள், லைனிங் உரிந்து வந்துவிடும். நிறுத்தும்போதே பெடலைக் கட்டையால் மிதித்துவைத்தால் இந்தத் தொல்லை வராது. நிறைய வண்டியில் அதற்கென்றே ஒரு கொக்கி இருக்கும், துருப்பிடித்து, யாரும் தொடாமல்.

பவர் டில்லரில் வி-பெல்ட் நனைந்து வழுக்கினால் பெல்ட்டின்மேல் பவுடர், மெழுகு எதுவும் தடவ வேண்டாம். காயவிட்டு, நடுவில் அழுத்தி இறுக்கத்தைச் சரிபாருங்கள். ஒன்று தேய்ந்தாலும் செட்டாக மாற்றுங்கள், பழையதும் புதியதும் கலந்தால் புதியது மட்டும் சுமை தாங்கி அறுந்துபோகும்.

பிரேக், ஹைட்ராலிக், சார்ஜ், சூடு

பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது: ட்ரம்மைக் கழற்றினால் சேறு இருந்தால் கழுவிக் காயவைத்துப் பூட்டலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அச்சு சீல் போயிருக்கிறது, எண்ணெய் குடித்த லைனிங் தேய்த்தாலும் தேறாது. சாலையில் ஏறும்முன் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் பெடலையும் கொக்கியால் இணைத்துக்கொள்ளுங்கள். மேலூர் நான்கு வழிச்சாலையில் ஒற்றைப் பெடல் பிரேக் வண்டியைக் குடைசாய்த்துவிடும்.

ஹைட்ராலிக் காலையில் மெதுவாகத் தூக்கி, வெயில் ஏற ஏற இன்னும் மோசமானால் பம்ப் தேய்மானம் அல்லது சீல் கசிவு. எப்போதும் உதறி உதறித் தூக்கினால் எண்ணெய் மட்டம் குறைவு, அல்லது சக்‌ஷன் பக்கம் காற்று இழுக்கிறது, இல்லையென்றால் சல்லடை அடைப்பு. மட்டத்தையும் சல்லடையையும் பார்க்காமல் பம்ப் வாங்காதீர்கள்.

சார்ஜ் விளக்கு அணையாமல் எரிந்தால் ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், 10 முதல் 12 மி.மீ. வரை அமுங்கலாம். நடுத்தர வேகத்தில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். பிரஷர் வாஷ் அடித்த மறுநாளே இந்த விளக்கு எரிந்தால் டைனமோவின் கார்பன் பிரஷ் ஈரத்தில் சிக்கியிருக்கும். வயரிங்கில் திடீர்க் கோளாறு என்றால் எலி. தை அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் நகரும். போனட்டுக்குள் வைக்கோல் கிடந்தால் சாவியைத் திருப்பும்முன் வயர்களைப் பாருங்கள், தோல் கடித்த பிளஸ் வயர் அந்த வைக்கோலையே கொளுத்திவிடும்.

குளிர்காலத்திலும் என்ஜின் சூடாகிறது என்றால் ரேடியேட்டர் இடுக்குகளில் புல்விதையும் நெற்பதரும். உள்ளிருந்து வெளியே, அதாவது ஃபேன் பக்கத்திலிருந்து கிரில் பக்கம் காற்றடித்து எடுங்கள். உள்ளே ஊற்றுவது போர்வெல் தண்ணீர் என்றால் உப்புப் படிந்து அடைத்திருக்கும். மழைத் தண்ணீரை மட்டும் ஊற்றினாலும் துருத் தடுப்பு இல்லாததால் உள்சுவர் அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அப்போதே பிரஷர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். அது வெடித்திருந்தால் கொதிநிலை இறங்கி, கோளாறே இல்லாத என்ஜினும் கொதிக்கும்.